கேட்டது குச்சி, கொடுத்தது கரண்டி

அந்தக் காணொளியைப் பகிர்ந்து சிரித்துக்கொண்டிருப்பவர்களில் பலர் என் நட்பு வட்டத்திலேயே இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அதில், பாங்காக் உணவகம் ஒன்றில் சோற்றுக்குச் சாப்ஸ்டிக்ஸ் கேட்ட நம் பயண நிபுணர், பணிப்பெண் கரண்டியும் முள்கரண்டியும் கொண்டுவந்து வைத்ததும், சொந்தக் கலாசாரமே தெரியாதவர்கள் என்று கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். ஐயா, தாய்லாந்தில் சோறு கரண்டியால்தான் உண்ணப்படுகிறது. வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டியின் வேலை சோற்றைக் கரண்டிக்குள் தள்ளிவிடுவது மட்டுமே. சாப்ஸ்டிக்ஸ் நூடுல்ஸ் சூப்புக்கு வரும்.

பிறகு நடுவில் வைத்த டாம் யாம் என்ற புளிப்புக் காரச் சூப்புக் கிண்ணத்தை முழுவதுமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேரரத்தைத் துண்டைக் கடித்துத் துப்பிவிட்டு, சூப்பில் விறகு போட்டிருக்கிறார்கள் என்கிறார். பிரியாணியில் பட்டையைக் கடித்துவிட்டுச் சமையல்காரரை இப்படித் திட்டுவாரா? பேரரத்தையும் எலுமிச்சைப் புல்லும் மணத்துக்காகப் போடப்படுபவை, ஒதுக்கப்பட வேண்டியவை. 2024-இல் யுனெஸ்கோ, இறால் போட்ட டாம் யாம் குங்கைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது விறகுக்காக அல்ல.

அங்கே குழம்பும் பொரியலும் மீனும் நடுவில் வைக்கப்படுவது எல்லோருக்குமாகத்தான். அவரவர் தட்டில் இருப்பது சோறு மட்டுமே. நடுவிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு பண்டத்தை, ஒன்றிரண்டு கரண்டி எடுத்து உண்டுவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். புளிப்பும் காரமும் உப்பும் இனிப்பும் மாறி மாறி வருவதில்தான் அந்தச் சாப்பாட்டின் சுவையே இருக்கிறது. ஒரே கிண்ணத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு அது புளிப்பாக மட்டும் இருந்ததில் வியப்பென்ன?

வேலை நிமித்தம் பாங்காக்கில் இருந்த காலத்தில், வடகிழக்குத் தாய்லாந்தின் கோன் கேனில் உள்ள அலுவலக நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பகுதியில் பசையரிசிச் சோறு மட்டும் கையால்தான் உண்ணப்படுகிறது. பாயில் அமர்ந்து, மூங்கில் கூடையிலிருந்து பசையரிசிச் சோற்றைக் கையால் கிள்ளி, உருட்டி, காரத் துவையலில் தொட்டு உண்டோம். சோறு காய்ந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் நண்பரின் அம்மா கூடையை மூடிக்கொண்டே இருந்தார். மீனின் நல்ல பகுதியைப் பொதுக்கரண்டியால் எடுத்து என் தட்டில் வைத்தவரும் அவர்தான். நான் கையால் உண்பதைப் பார்த்து அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை; முகம் சுளித்தவர்களை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

காசு கொடுத்தவர் தன் விருப்பப்படி சாப்பிடக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடட்டும், கையாலேயே சாப்பிடட்டும், யார் தடுத்தது? சைவர்களின் சிரமம் வேறு, அது நியாயமானது: மீன் சாஸ் பெரும்பாலான பண்டங்களில் இருக்கும், 'ஜே' என்று சொல்லிக் கேட்டால் இறைச்சியும் மீன் சாஸும் மட்டுமல்ல, பூண்டுகூட இல்லாத உணவு கிடைக்கும். ஆனால் இவர் சைவரும் அல்லர். வெறும் நகைச்சுவைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்போரே, நாம் கையால் உண்பதை எவனோ ஒரு வெள்ளைக்காரன் கேலி செய்த காணொளிக்கு நீங்கள் எழுதிய பின்னூட்டங்கள் இன்னும் அழியவில்லை, போய்ப் படித்துப் பாருங்கள்.

உணவைக்கூட விட்டுவிடுவேன். மொழி புரியாமல், விருந்தினர் தன்னோடு சிரிப்பதாக நினைத்துத் தானும் சிரித்த அந்தப் பணிப்பெண்ணின் முகத்தை நெருக்கத்தில் காட்டிச் சிரிப்பொலி சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பகுதியையாவது நீக்குங்கள். நீக்கும்வரை அதைப் பகிர்கிறவர்கள் என் நட்புப் பட்டியலில் இருக்க வேண்டாம்.