கிளவுடுக்குப் போகட்டும், டிப்போவிலும் ஒரு பிரதி இருக்கட்டும்

விடிகாலை நாலரை மணிக்கு பஸ் டிப்போ எப்படி இருக்கும் என்று பயணிகள் பலருக்குத் தெரியாது. டூட்டி கவுண்டர் முன்னால் வரிசை நிற்கும். மலேசியாவின் ஜோகூரிலிருந்து மூன்று மணிக்கே பைக்கில் கிளம்பி, சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்த ஓட்டுநர்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்பார்கள். அட்டையைத் தட்டினால் எந்த பஸ், எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று திரையில் வரும். பார்த்துக்கொண்டே நடையைக் கட்டுவார்கள். ஆளுக்குப் பத்து விநாடி.

அந்த டூட்டி சிஸ்டத்தை எங்கள் நிறுவனம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வெளி சர்வர்களுக்கு, மாற்றிய மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, திரையில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கிளவுடில் ஒரு பழுதும் இல்லை. டிப்போவிலிருந்து வெளியே போகும் இணைப்பு அறுந்திருந்தது. மாற்று இணைப்பும் வைத்திருந்தோம். அதுவும் அதே குழாய் வழியாகத்தான் போகிறது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

கவுண்டரில் இருந்த அண்ணன் இழுப்பறையைத் திறந்து மடித்து வைத்த தாள்களை எடுத்தார். "நேத்து ராத்திரியே பிரிண்ட் எடுத்து வச்சிட்டேன் தம்பி" என்றார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் பஸ் எண்ணைச் சொன்னார். முதல் பஸ் நேரத்துக்குப் போனது. பின்னால் சில பஸ்கள் தாமதம்தான், ஆனால் ஒன்றுகூட ரத்தாகவில்லை.

இதைச் சொன்னதும் நான் கிளவுடுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். மாற்றிய அணியில் நானும் ஒருவன். மாற்றியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். புதிய கால அட்டவணை போடும்போதும் மாதக் கடைசியில் சம்பளம் போடும்போதும்தான் எங்களுக்குக் கணினி பலம் மலைபோல் தேவை. மற்ற நாட்களில் சர்வர்கள் சும்மா சூடாகிக்கொண்டு நிற்கும். அதற்கும் மின்கட்டணம், ஏசி, ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புது இயந்திரம். அரசாங்கமே அவ்வளவு ரகசியமில்லாத தன் சிஸ்டங்களைப் பொதுக் கிளவுடுக்கு மாற்றப்போவதாக 2018-இல் அறிவித்தது. ரயிலின் சிக்னலும் பிரேக்கும் வேறு கதை. அவை தனி வலையில் இருக்கின்றன, அங்கேயே இருக்க வேண்டும்.

என் வாதம் ஒன்றுதான். தரவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வாசலில் நிற்கிற மனிதனுக்கு என்ன கிடைக்கும் என்பது முடிவாகிறது. பஸ், ரயில் கட்டணத்துக்கு வந்த புது முறையான சிம்ப்ளிகோ விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? 2024 ஜனவரி 9-ஆம் தேதி, சலுகை இல்லாத, முழுக் கட்டணம் கட்டும் பெரியவர்களின் பழைய ஈசி-லிங்க் பயண அட்டைகள் பஸ், ரயிலில் ஜூன் முதல் செல்லாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. புது முறையில் தட்டினால் மீதிப் பணம் தெரியாது என்று மக்கள் கொதித்தார்கள். பழைய அட்டையில் பணம் அட்டையின் சில்லிலேயே இருக்கிறது, தட்டிய கணத்தில் படித்துவிடலாம். புது முறையில் அது பின்னால் எங்கோ ஒரு கணக்கில் இருக்கிறது. கேட்டு வாங்கி வர இன்னும் சில விநாடிகள் ஆகும், காலை நெரிசலில் வாயிலில் அந்த விநாடிகளுக்கு இடமில்லை. 22-ஆம் தேதியே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதல் செலவு. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, மீதி எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஏறுகிற அக்காவின் பழக்கத்தை யாராவது முன்பே பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாம்.

2023 அக்டோபர் 14-ஐயும் மறக்கக் கூடாது. ஒரு டேட்டா சென்டரில் குளிரூட்டல் கோளாறு, டிபிஎஸ், சிட்டி வங்கிச் சேவைகள் முடங்கின. சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நடக்கவில்லை. இரண்டு வங்கிகளுக்கும் மாற்று மையம் இருந்தது. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் அது முழுசாகக் கைகொடுக்கவில்லை. எங்கள் மாற்று இணைப்பும் அதே மாதிரிதான், காகிதத்தில் இருந்தது.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொரு டிப்போவிலும் ஒரு சின்னக் கணினி. அடுத்த 24 மணி நேர டூட்டிப் பட்டியல் கிளவுடிலிருந்து அதில் தானாக இறங்கி இருக்க வேண்டும். இணைப்பு போனால் திரை அதிலிருந்து படிக்க வேண்டும். இரண்டு கேபிளும் நிஜமாகவே இரண்டு வழியில் போக வேண்டும். செலவுத் திட்டம் போடும்போது இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். அப்புறம், திட்டக் கூட்டங்களுக்கு டிப்போ ஆட்களைக் கூப்பிடுங்கள். எங்கள் கூட்டங்கள் ஒன்றில்கூட அந்த அண்ணன் இல்லை. கூப்பிட்டிருந்தால் தாள் எடுத்து வைக்கும் பழக்கத்தை முதல் நாளே சொல்லியிருப்பார்.

அடுத்த டிப்போவை மாற்றுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு விடிகாலை, வரிசை நிற்கும்போதே, கேபிளைப் பிடுங்கிச் சோதிக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். அண்ணனையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் தாள் எடுக்காதீர்கள் அண்ணே என்றேன். "முதல்ல உன் பெட்டி வேலை செய்யட்டும், பார்க்கலாம்" என்றார்.