தொட்டி விழுறதுக்கு முன்னாடி பதில் சொல்லுங்க

இந்த ஆகஸ்ட் 15 கிராம சபையிலயும் அதே பதில்தான். "மேல அனுப்பியிருக்கோம்ணே."

எங்க ஊரு தண்ணித் தொட்டிக்கு நாலு தூண். ரெண்டுல காரை பேந்து, உள்ள இருக்குற கம்பி துருப்பிடிச்சு வெளிய தெரியுது. பத்தடி தள்ளி அங்கன்வாடி. பிள்ளைங்க அந்த நிழல்லதான் விளையாடுது. வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தத் தொட்டிக்காக அஞ்சு சபையில தீர்மானம் போட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதுறாங்க. போன தடவை எழுதினது என்னாச்சுன்னு ஒருத்தரும் வாயத் திறக்கல.

சபை நடக்குற லட்சணத்தச் சொல்றேன். காலைல பதினோரு மணிக்கு ஆரம்பம்னு நோட்டீஸ். பத்தரைக்கே வருகைப் பதிவேடு சுத்த ஆரம்பிச்சுடும். ஐநூறுக்கு மேல மூவாயிரம் வரைக்கும் மக்கள்தொகை இருக்குற ஊராட்சிக்கு நூறு பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும். எங்க ஊரு அந்தக் கணக்குல வருது. அதனால நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்களக் கூப்பிட்டு வந்து உக்கார வச்சு, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி நூறத் தாண்டினதும் எல்லார் முகத்துலயும் ஒரு நிம்மதி. அதுக்கப்புறம் யார் இருந்தா என்ன, போனா என்ன? வெயில்ல உக்காந்திருக்குற அந்த அக்காமார் மேல எனக்கு ஒரு சொட்டுக் கோவமும் இல்ல. எதுக்குக் கையெழுத்துப் போடுறோம்னு அவங்களுக்குச் சொல்லாம வாங்குறாங்களே, அதுதான் வயிறு எரியுது.

வரவு செலவு வாசிப்பாங்க பாருங்க, ஏலக் கடையில கூவுற வேகம். மோட்டார் பழுது இவ்வளவு, பிளீச்சிங் பவுடர் இவ்வளவு, தெருவிளக்கு இவ்வளவு. எந்த மோட்டார், எந்தத் தெரு, எத்தன பல்புன்னு கேட்டா, "கூட்டம் முடிஞ்சதும் ஆபீஸ்ல வந்து பாருங்க." ஆபீஸ்ல போய்ப் பார்த்தா பூட்டு.

பணம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. 15-ஆவது நிதிக்குழு 2021-லேர்ந்து 2026 வரைக்கும் ஊராட்சிகளுக்குக் குடுத்த மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும்தான் செலவு பண்ணணும்னு கட்டிவச்ச பணம். குடிக்கிற தண்ணியத் தாங்குற தொட்டி அந்தக் கணக்குல வராம வேற எது வரும்? எங்க ஊருக்கு எவ்வளவு வந்துச்சு, எதுக்குப் போச்சுன்னு ஒரே ஒரு தாள்ல எழுதி ஊராட்சி ஆபீஸ் சுவத்துல ஒட்டுங்கன்னு கேட்டேன். பத்து ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துலயும் கேட்டேன். சட்டம் 30 நாள்ங்குது. முப்பதாவது நாள் ஒரு கடிதம் வந்துச்சு, மனு வேற அலுவலகத்துக்கு மாத்தி அனுப்பப்பட்டிருக்காம். மனு கூட ஊரச் சுத்துது, தொட்டி மட்டும் அங்கயே நிக்குது.

சரி, யாரத்தான் புடிச்சுக் கேக்குறது? தலைவர் கிடையாது. 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவங்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுது. எங்களோடது உட்பட 28 மாவட்டத்துல தலைவரும் இல்ல, வார்டு உறுப்பினரும் இல்ல. அரசு போட்ட தனி அலுவலர்தான் எல்லாம். அஞ்சு வருஷம் முடியுறதுக்குள்ள தேர்தல நடத்தி முடிக்கணும்னு அரசியலமைப்புச் சட்டத்துலயே, 243-ஈ பிரிவுல, எழுதியிருக்கு. 2016-லயும் இதே கதைதான், மூணு வருஷம் தனி அலுவலர். தலைவர் நல்லவரோ கெட்டவரோ, அவரு வீட்டுத் திண்ணையில உக்காந்து சண்ட போடலாம். அடுத்த தேர்தல்ல தோக்கடிக்கலாம். ஒன்றிய ஆபீஸ்ல உக்காந்து ஒரு மந்தை ஊராட்சியப் பாக்குற அதிகாரிய எந்தத் தேர்தல்ல தோக்கடிக்கிறது?

இதுக்கு நடுவுல ஊராட்சிய நகராட்சியோட சேக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு வேற. சேத்துட்டா நூறு நாள் வேலை போயிரும், கிராம சபையே போயிரும், வீட்டு வரி ஏறும். ஊரோட தலையெழுத்து மாறுற விஷயம். அன்னைக்கு அதப் பத்திப் பேச எழுந்த பெரியவருக்கு, "இது இன்னைக்குப் பொருள்ல இல்லங்கய்யா"ன்னு ஒரே வரி. உக்கார வச்சுட்டாங்க.

கொடியேத்தும்போது ஒருத்தர் உத்திரமேரூர் குடவோலையப் பத்திப் பெருமையாப் பேசினாரு. எனக்கும் பெருமைதான். ஆனா அந்தக் கல்வெட்ட முழுசாப் படிங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி, பராந்தக சோழன் காலத்துல, வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது. பேர எழுதி ஓலையக் குடத்துல போடுறதுக்கு முன்னாடியே, கணக்குக் காட்டினானான்னு கேட்டிருக்காங்க. நாங்க கேக்குறதும் அந்தக் கணக்கத்தானே?

கூட்டம் கலையுறப்போ கைநாட்டு வச்ச ஆயா ஒண்ணு என் கையப் புடிச்சுது. மருமக வேலைக்குப் போக, பேத்திய அங்கன்வாடியில விட்டுட்டு வர்றது அதுதான். "ஏந்தம்பி, தொட்டி நல்லாருக்குன்னு எழுதி எங்கிட்ட கைநாட்டு வாங்கிருந்தாங்கன்னா? விழுந்தா நானும்ல பொறுப்பு?"

என்னால பதில் சொல்ல முடியல. அந்த நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியாது. கையெழுத்துக்கு மேல எடம் காலியாத்தான் இருந்துச்சு.

அடுத்த சபைக்கு நானும் வருவேன், ஆயாவும் வரும். போன சபைத் தீர்மானத்த முதல்ல சத்தமா வாசிங்க. தொட்டிக்கு யார் எந்தத் தேதியில என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க. நோட்ட அதுக்கப்புறம் நீட்டுங்க. அது வரைக்கும் என் பேனா சட்டப் பையில இருந்து வெளிய வராது.