தேர்வு ஆங்கிலத்தில் மட்டும் நடக்கவில்லை

மேலே உள்ள பதிவில் ஒரு அண்ணன், தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்கு வாசித்துப் புரிந்துகொள்ள வராததற்குக் காரணம் தேர்வை ஆங்கிலத்தில் வைத்ததுதான் என்று எழுதியிருக்கிறார். எண் சரி, காரணம்தான் சரியில்லை அண்ணே. அந்த எண் வந்தது 2021 பிர்ல்ஸ் (PIRLS) என்ற சர்வதேச வாசிப்புத் தேர்விலிருந்து. அந்தத் தேர்வு நான்காம் வகுப்புக்கு ஜூலு, கோசா, ஆப்பிரிக்கான்ஸ் என்று அப்போதிருந்த 11 ஆட்சி மொழிகளிலும் நடந்தது. முதல் மூன்று வகுப்பில் பள்ளிக்கூடம் எந்த மொழியில் பாடம் நடத்தியதோ அதிலேயே பிள்ளைகள் எழுதினார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிப்பதால் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று தோன்றும், அது இயல்பு. பிர்ல்ஸ் 2021 அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் தென்னாப்பிரிக்க தேசிய அறிக்கையில் மொழிவாரி மதிப்பெண் அட்டவணை இருக்கிறது, அதை முதலில் திறந்து பாருங்கள்.