விருதுக் கட்டுரையும் தேர்வுக்குழுவின் நாலு வரியும்

புவியியல் ஆய்விதழ் ஏதேனும் ஒன்று அவ்வாண்டின் சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கான விருதை அறிவித்துவிட்டால், எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது அதைப் பகிர்வார்கள். கட்டைவிரல் படங்கள் நாலைந்து விழும். அதோடு பேச்சு நின்றுவிடும். உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்த நான் முதலில் தேடிப் படிப்பது வென்ற கட்டுரையை அன்று, அதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று தேர்வுக்குழு எழுதும் குறிப்பைத்தான். விருதின் மதிப்பு முழுவதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. அதைப் பெரும்பாலும் நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

ஆய்வுலகில் தரத்தை எண்ணால் அளக்கும் பழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. 'இம்பேக்ட் ஃபேக்டர்' என்று சொல்லப்படும் தாக்கக் குறியீடு, ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைக் காட்டுவது. அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜீன் கார்ஃபீல்டு 1955 இல் முன்வைத்த சிந்தனையிலிருந்து வளர்ந்த இந்தக் கணக்கு, எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகங்கள் முடிவு செய்வதற்கு உதவியது. பின்னாளில் யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்குப் பதவி உயர்வு தருவது என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கும் நிலை வந்தது. இதழின் எண்ணைக் கொண்டு தனிக் கட்டுரையை எடைபோடாதீர்கள் என்று ஆய்வுகளை மதிப்பிடும் முறை பற்றி 2013 இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆண்டு விருது மேற்கோள் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க இயலாது. சென்ற ஆண்டு வெளியான கட்டுரையை இந்த ஆண்டே தேர்ந்தாக வேண்டும். அதற்குள் அதை மேற்கோள் காட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் ஆண்டின் கடைசி இதழில் வந்த கட்டுரையின் பாடு இன்னும் மோசம். ஆகவே சிலர் உட்கார்ந்து, எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்தே தீர வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

புவியியலில் அந்த வேலை மற்றத் துறைகளைவிடக் கடினமானது. ஆற்றுப்படுகையில் வண்டல் எவ்வளவு படிகிறது என்று அளந்த கட்டுரையும், பணிப்பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை எந்த இடத்தில் எப்படிக் கழிக்கிறார்கள் என்று அவர்களோடு பேசி எழுதிய கட்டுரையும் ஒரே இதழில் அடுத்தடுத்து வரும். முன்னதற்குக் கருவிகளும் அளவீடுகளும் பெரும்பாலும் பல ஆசிரியர்களும் இருப்பார்கள். பின்னதை ஒருவரே மாதக்கணக்கில் அலைந்து எழுதியிருப்பார். மாங்காயையும் மணலையும் ஒரே தராசில் வைக்கும் இந்தக் காரியத்தை எந்த நியாயத்தில் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள வாசகருக்கு உரிமை உண்டு. அதற்கு விடையாக 'புதுமையான அணுகுமுறை, நேர்த்தியான எழுத்து' என்று எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் இரண்டு சொற்றொடர்களைத் தந்துவிட்டால், அத்தனை பேர் படித்த படிப்பும் வீணாகிவிடுகிறது. (பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளில் 'நல்ல முன்னேற்றம்' என்று நானும் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன், அந்தச் சோர்வு எப்படிப்பட்டது என்று அறிவேன்.)

சிங்கப்பூருக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. மலாயப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் டாபி 1953 இல் இங்கே தொடங்கிய மலாய வெப்பமண்டலப் புவியியல் இதழ், 1958 இல் பெயரிலிருந்து மலாயாவை விட்டது. 1980 இல் சிங்கப்பூரைச் சேர்த்துக்கொண்டது. சிங்கப்பூர் ஜர்னல் ஆஃப் டிராப்பிக்கல் ஜியாகிரஃபி என்ற அந்த இதழ் இன்றும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையிலிருந்து வருகிறது. அத்துறையின் பேராசிரியர் பிரெண்டா இயோவுக்கு 2021 இல் வோட்ரான் லூட் பரிசு கிடைத்தது. புவியியலின் நோபெல் என்று சொல்லப்படும் அந்தப் பரிசு வாழ்நாள் உழைப்புக்கு உரியது. அதைப் பெறுவதற்கு முன்பே பெயர் நிலைத்திருக்கும். ஆண்டுக் கட்டுரை விருதோ முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் முதல் கட்டுரைக்கும் போகலாம். எனக்குப் பின்னதன் மீதே பிரியம் அதிகம்.

இனி இங்குள்ள இந்தியர்களாகிய நம் பக்கத்துக்கு வருகிறேன். நம்மைப் பற்றிப் புவியியலாளர்கள் எழுதியது கொஞ்சநஞ்சமன்று. மலாயாவுக்கு இந்தியர்கள் வந்து குடியேறியதை 1786 முதல் 1957 வரை ஆராய்ந்து 1969 இல் நூலாக வெளியிட்ட கெர்னியல் சிங் சந்து புவியியலாளர். 1989 இல் பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா சுற்றுப்பயணிகளுக்கானதா, அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கானதா என்று ஆராய்ந்த டி.சி. சாங் புவியியலாளர். அதே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிறு மாலை கூடும் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றியும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் தமிழில் படிக்கக் கிடைப்பது எவ்வளவு? புதுக்கோட்டையிலிருந்து வந்த ஓர் ஊழியர் தம் தங்குவிடுதியையும் ஓய்வுநாளையும் பற்றிய கட்டுரை விருது பெற்றதை அறிவதற்குக்கூட வழி இல்லை. முழுக் கட்டுரையையும் மொழிபெயர்க்கச் சொல்வது பேராசை. தேர்வுக்குழு ஒரு பக்கம் எழுதி, அந்த ஒரு பக்கம் ஆய்வுக்குள்ளான மக்களின் மொழியிலும் வந்தால் போதும். சில புவியியல் இதழ்கள் சுருக்கத்தைப் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் தந்திருக்கின்றன. தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் நாட்டில் இதைக் கேட்பது மிகையாகாது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க மனமில்லை. அடுத்த அறிவிப்பு வந்ததும் அந்த நாலு வரியை நானே தமிழாக்கி, கட்டுரையின் சாரத்தையும் சேர்த்து இங்கே பதிவிடப் போகிறேன். ஒரு சிக்கல் இப்போதே தெரிகிறது: புவியியலில் நிலத்தையும் மனிதரையும் சேர்த்துச் சொல்லும் 'லேண்ட்ஸ்கேப்' என்பதற்கு நிலத்தோற்றம் என்றால் மனிதர் விடுபடுகிறார்கள், நிலக்காட்சி என்றால் சுற்றுலா விளம்பரமாகிவிடுகிறது. நல்ல சொல் கைவசம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.