ஹியோம்யோங் இளவரசர் அரியணை ஏறவில்லை

'லவ் இன் தி மூன்லைட்' என்ற கொரியத் தொடரைப் பற்றி, 'அது முழுக்க நடந்த கதை, ஆண் வேடமிட்ட பெண்ணைக் காதலித்த அந்த இளவரசர் பிறகு அரசரானார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இளவரசர் நிஜம். மற்றது அப்படி இல்லை.

கொரியாவின் பழைய ஜோசோன் அரசை ஆண்ட சுன்ஜோவின் மகன் ஹியோம்யோங் 1809-இல் பிறந்தவர். 1827 முதல் தந்தைக்குப் பதிலாக ஆட்சியைக் கவனித்தார். 1830-இல், 21 வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். அரசர் என்ற பட்டமே இறந்த பிறகு வந்ததுதான். 1834-இல் அரியணை ஏறியது அவருடைய சின்னஞ்சிறு மகன்.

தொடரில் ஆண் வேடமிட்டு வரும் ரா-ஓன் கற்பனைப் பாத்திரம். அவளுடைய அப்பாவாக வரும் ஹோங் கியோங்-நே உண்மையான கிளர்ச்சித் தலைவர்தான், ஆனால் 1812-லேயே கொல்லப்பட்டுவிட்டார்.

அதனால் தொடரைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்கு உயிரான தொடர் அது! முதல் பகுதியில் இளவரசராக நடித்த பார்க் போ-கம்மைக் குழிக்குள் விட்டுவிட்டு, ரா-ஓனாக நடித்த கிம் யூ-ஜங் ஓடும் காட்சிக்கு இன்னும் விழுந்து விழுந்து சிரிக்கிறேன்.

அப்புறம், விருந்தில் ரா-ஓன் முகத்திரையோடு ஆடுவாளே, அந்த இடத்தில் ஒரு நிஜம் ஒளிந்திருக்கிறது. ஹியோம்யோங் அரண்மனை நடனங்களை வளர்த்தவர். தன் அம்மாவின் பிறந்தநாளுக்காக அவர் உருவாக்கிய சுன்எங்ஜோன், ஒரே ஒரு பூப்பாயைத் தாண்டாமல் ஒருவர் தனியாக ஆடும் நடனம். இன்றும் கொரியாவில் ஆடுகிறார்கள், தேடிப் பாருங்கள்.