ரெசிடுவல் இறங்கிவிட்டால் ரிசல்ட் சரியாகிவிடுமா?

"ரெசிடுவல் நன்றாக இறங்கிவிட்டது சார், ரிசல்ட் ஓகே." இதை இன்னும் எத்தனை மீட்டிங்கில்தான் கேட்டுத் தொலைப்பது? ரெசிடுவல் என்பது, காற்று, திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சிமுலேஷனில் சமன்பாடு இன்னும் எவ்வளவு தீராமல் நிற்கிறது என்று காட்டும் மிச்சம். அது இறங்கினால், போட்ட சமன்பாட்டை ஒழுங்காகத் தீர்த்திருக்கிறீர்கள் என்று மட்டும்தான் அர்த்தம். ஓட்டத்தின் கொந்தளிப்பைத் தோராயமாகக் கணக்கிடப் போட்ட டர்புலன்ஸ் மாடலே அந்த இடத்துக்கு ஒத்துவராது என்றால்?

சூடான தகட்டின் மேல் காற்றை ஜெட்டாக அடித்துக் குளிர்விக்கும் கேஸ். டர்பைன் பிளேடுக்குள் நடப்பது இதுதான். அதற்கு இவர்கள் கொண்டுவருவது ஸ்டாண்டர்டு கே-எப்சிலான் என்ற டர்புலன்ஸ் மாடல்! ஜெட் தகட்டில் முட்டும் இடத்தில் அந்த மாடல் இல்லாத கொந்தளிப்பைக் கிளப்பிவிடும், வெப்பக் கடத்தலின் அளவைச் சொல்லும் நஸ்ஸெல்ட் எண்ணும் கூடவே எகிறும். இது பரம ரகசியமா? ஆய்வாளர்கள் கேட்டோவும் லாண்டரும் 1993-லேயே இதற்குத் திருத்தம் சொல்லிவிட்டார்கள்.

போன ரிப்போர்ட்டில், கணக்குக்காக ஓட்டப் பகுதியைச் சின்னச் சின்ன செல்லாக வெட்டிய மெஷ்ஷைத் திறந்து பார்த்தேன். சுவரை ஒட்டிய முதல் செல்லின் ஒய் பிளஸ், அதாவது சுவரிலிருந்து அதன் தூரத்தைச் சொல்லும் அலகில்லா எண், நாற்பதுக்கு மேல். வெப்பத்துக்குப் பெரும் தடையாக நிற்கும் அந்த மெல்லிய அடுக்கு மொத்தமும் ஒரே செல்லுக்குள் போய்விட்டது! மிச்சத்தை வால் ஃபங்ஷன் என்ற சுவரோரச் சூத்திரம் பார்த்துக்கொள்ளுமாம். அது நம்பியிருக்கும், சுவரோர வேகத்துக்கான மடக்கை விதி முட்டும் இடத்தில் செல்லாது என்று யாருக்கும் உறைக்கவில்லை. ஆனால் கலர் படம் மட்டும் பளபளவென்று இருந்தது.

எனக்கு வயிறு எரிவது எதனால் தெரியுமா? வெப்பக் கடத்தலைக் கூட்டிச் சொன்னால் உலோகத்தின் வெப்பநிலை குறைவாகத் தெரியும். பேப்பரில் பத்திரமாக இருக்கும் பாகம் நிஜத்தில் வெந்துகொண்டிருக்கும்.

அப்புறம் அந்த டர்புலன்ட் பிராண்டல் எண், 0.85. கொந்தளிப்பு உந்தத்தைக் கலக்குவதற்கும் வெப்பத்தைக் கலக்குவதற்கும் உள்ள விகிதம் அது. காற்றுக்கு ஓரளவு ஒத்துப்போகும், சரி. பிராண்டல் எண், அதாவது பொருளின் சொந்தப் பாகுநிலைக்கும் வெப்பப் பரவலுக்கும் உள்ள விகிதம், 0.01-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும் திரவ சோடியத்துக்கும் அதே 0.85-ஐ வைத்துவிட்டுப் போனால் எப்படி? மென்பொருளில் அந்த எண் இருக்கும் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) 23,000-க்கு அளந்த ஜெட் தரவு எத்தனையோ வருடமாகப் பொதுவில் கிடக்கிறது. ஜெட் வெளிவரும் நாசில் தகட்டுக்குப் பக்கத்தில், தன் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால், மையத்திலிருந்து ஏறக்குறைய அதே இரண்டு விட்டம் தள்ளி நஸ்ஸெல்ட் எண் இன்னொரு முறை தலைதூக்கும். உங்கள் மாடலில் அது தெரிகிறதா? எஸ்எஸ்டி கே-ஒமேகா மாடலோ வி2-எஃப் மாடலோ போடுங்கள், ஒய் பிளஸ்ஸை 1-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், அந்தத் தரவோடு ஒரே கிராஃபில் வைத்துக் காட்டுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டில் என் கையெழுத்து விழாது.