34 மில்லிமீட்டர் ஸ்கோப் குழாய் கூடுதல் வெளிச்சம் தருமா? உண்மை விளக்கம்

குளிர்கால வேட்டைக்கு ஆயத்தமாகும் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழ் அன்பர்களிடையே, துப்பாக்கியில் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது: "34 மி.மீ. குழாய் கொண்ட ஸ்கோப், 30 மி.மீ. ஸ்கோப்பைவிட அந்தியில் அதிக வெளிச்சம் தரும். விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்." இது தவறு.

குழாய் பருத்தால் குறியை மேலும் கீழும் நகர்த்தும் இடம் கூடும். அது தொலைதூரச் சூட்டுக்கே உதவும். வெளிச்சத்தையோ முன்வில்லையின் விட்டமும், வைத்திருக்கும் உருப்பெருக்கமும், கண்ணாடியின் தரமும் அதன் பூச்சும்தான் தீர்மானிக்கின்றன. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 56 மி.மீ. வில்லை 8 மடங்கில் 7 மி.மீ., 16 மடங்கில் 3.5 மி.மீ. மட்டுமே. அந்தி வேட்டைக்காரர்கள் பெரிதும் மதிக்கும் ஸ்வரோவ்ஸ்கி இசட்8ஐ வரிசையின் 56 மி.மீ. ஸ்கோப்புக்குக் குழாய் 30 மி.மீ. தான் என்பதை நிறுவனத்தின் விவரப் பட்டியலிலேயே காணலாம்.

கடையில் நீங்களே சோதிக்கலாம். துப்பாக்கியில் பொருத்தாத ஸ்கோப்பைக் கை நீட்டிப் பிடித்து, சூரியன் இல்லாத வானப் பக்கம் திருப்பினால், கண்வில்லையில் ஒரு வெள்ளை வட்டம் தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அது சுருங்குவதைப் பாருங்கள். குழாயை நம்பிப் பணத்தைக் கொட்டியவர் மங்கிய ஒளியில் கூடு (kudu) எனும் மானின் தோள் தெரியாமல் சுட்டால், காயமுற்ற விலங்குதான் துன்புறும். ஆகவே அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் என அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.